ஸ்டெம் செல் ஆய்வுப் படிப்பு: வேலூர்ப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுக் கதவு எப்படித் திறக்கிறது?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்தில் ஒரு பிள்ளை வெளிநாட்டில் படிக்க ஆசைப்பட்டால் வீட்டில் முதலில் எழுவது கடன் பேச்சுதான். எத்தனை லட்சம் ஆகும், எந்த வங்கி தரும், எந்தப் பத்திரத்தை அடமானம் வைப்பது என்று போகும். பொறியியல் முடித்துவிட்டு அமெரிக்காவில் முதுநிலை படிக்கப் போனவர்கள் போட்டுவைத்த பாதை அது. விலங்கியலோ உயிர்த்தொழில்நுட்பமோ படித்த பிள்ளைக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, "நமக்கு ஆகாதம்மா" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிற எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை. ஏனென்றால் வளர்ச்சி உயிரியல், ஸ்டெம் செல் உயிரியல் போன்ற துறைகளில் முனைவர் பட்டப் படிப்பு என்பது பெரும்பாலும் நாம் பணம் கட்டும் படிப்பே இல்லை. நமக்குச் சம்பளம் தந்து ஆய்வகத்தில் வேலை வாங்கும் படிப்பு. அந்தச் சம்பளம் யாருடைய பையிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், யாரைச் சேர்க்கிறார்கள், யாரை விடுகிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

முதலில் துறையைப் பற்றிக் கொஞ்சம். கருவுற்ற ஒற்றைச் செல் எப்படி இதயமாகவும் மூளையாகவும் விரலாகவும் பிரிகிறது என்று கேட்பது வளர்ச்சி உயிரியல். எதுவாகவும் மாறக்கூடிய, அல்லது ஒரு குறிப்பிட்ட குடும்பத்துச் செல்களாக மாறக்கூடிய செல்களை ஆராய்வது ஸ்டெம் செல் உயிரியல். இரண்டையும் பல பல்கலைக்கழகங்கள் ஒரே படிப்பாக வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆய்வகத்தில் ஒரு ஸ்டெம் செல்லை இன்சுலின் சுரக்கும் செல்லாக மாற்ற வேண்டுமென்றால், கருவில் கணையம் உருவாகும் வரிசையை அப்படியே பின்பற்ற வேண்டியிருக்கிறது: முதலில் கருவின் உள்ளடுக்கு, பிறகு குடல் குழாய், பிறகு கணையமாகப் போகும் முன்னோடிச் செல், அதன் பிறகுதான் இன்சுலின் செல். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் வேறு ஏதோ ஒன்று வளரும். கருவியல் தெரியாதவருக்கு ஸ்டெம் செல் வசப்படாது. அந்த வரிசையைக் கண்டுபிடித்து வளர்த்த செல்களை முதல் வகை நீரிழிவு நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்த ஒரு சோதனையின் முடிவு 2025-ல் வெளியானது. முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டு கழித்து இன்சுலின் ஊசியே தேவைப்படவில்லை. நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மருந்தை அவர்கள் தொடர்ந்து எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தத் துறை எங்கோ அமெரிக்காவில் நடப்பது என்று நினைக்கும் வேலூர்க்காரர்கள் ஒருமுறை பாகாயம் வரை போய்வரலாம். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) வளாகத்தில் இருக்கிறது ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம். பெங்களூரில் உள்ள ஸ்டெம் செல் ஆய்வு நிறுவனமான இன்ஸ்டெமின் ஓர் அங்கம் அது. சி.எம்.சி.யில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1986-லேயே தொடங்கிவிட்டது. எலும்பு மஜ்ஜை மாற்று என்பதே ரத்த ஸ்டெம் செல் மாற்றுதான். 2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வேலூரிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. ரத்தம் சரியாக உறையாத கடுமையான ஹீமோபிலியா ஏ நோயாளிகள் ஐந்து பேரின் சொந்த ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, அவர்களிடம் குறைபட்டிருந்த ரத்த உறைவுக் காரணி எட்டுக்கான மரபணுவை அவற்றில் ஏற்றித் திரும்பச் செலுத்தினார்கள். செல்கள் உடலில் ஊன்றிய பிறகு, கண்காணித்த காலம் முழுவதும் ஐவருக்கும் ரத்தக் கசிவு நிகழ்வு பதிவாகவில்லை. அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்த வேலை இது. ஆஸ்பத்திரிக்கு வரும் வெளிமாநிலக் கூட்டத்தை நாம் அன்றாடம் பார்க்கிறோம். அந்த ஆஸ்பத்திரியின் பின்னால் இப்படி ஒரு ஆய்வுலகம் இயங்குவதை நம் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகளில் பலர் அறியாமலே பட்டம் வாங்கிவிடுகிறார்கள்.

இனிப் பணத்துக்கு வருவோம்.

அமெரிக்காவில் உயிரியல் முனைவர் பட்டப் படிப்புக்குக் கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமோ ஆய்வகமோ ஏற்றுக்கொள்ளும். மருத்துவக் காப்பீடும் பொதுவாக அதில் அடங்கும். அதற்கு மேல் ஆண்டுக்குப் பெரும்பாலும் 30,000 டாலருக்கு அதிகமான உதவித்தொகை. விலைவாசி கூடிய நகரங்களில் 50,000 டாலரை ஒட்டியும் தருகிறார்கள். படிப்பு ஐந்து, ஆறு ஆண்டுகள் ஓடும். முதல் ஆண்டில் மாணவர் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் மாறிமாறி வேலை செய்துவிட்டு, அதன் பிறகுதான் நெறியாளரைத் தேர்ந்தெடுக்கிறார். நம் ஊரில் நெறியாளர் கிடைத்த பிறகே பதிவு. அங்கே வரிசை தலைகீழ்.

இந்தப் பணத்தின் பெரும்பகுதி அந்நாட்டு அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களிலிருந்து வருகிறது. இங்கேதான் வெளிநாட்டு மாணவருக்குச் சிக்கல். அந்த நிறுவனங்கள் தரும் மானியங்களில் மாணவர் பயிற்சிக்கென்று தனியாக ஒதுக்கும் தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கும் மட்டுமே. மாணவர்களுக்கான பெரிய தேசிய உதவித்தொகைகளும் அப்படித்தான். ஆகவே ஒரு வெளிநாட்டு மாணவரைச் சேர்த்தால் அவருடைய முதல் ஓரிரு ஆண்டுச் செலவைப் பல்கலைக்கழகம் தன் சொந்த நிதியிலிருந்து தர வேண்டும். பிறகு ஆய்வகத் தலைவர் தன் ஆய்வு மானியத்திலிருந்து தர வேண்டும். சொந்த நிதி குறைவாக உள்ள துறைகளில் ஆண்டுக்கு ஓரிருவர்தான் வெளிநாட்டிலிருந்து சேர முடிகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் இன்னொரு முடிச்சும் உண்டு. வெளிமாநிலத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும் ஆண்டுக்குச் சுமார் 15,000 டாலர் கூடுதல் கட்டணம் விதிக்கிறார்கள். வெளிமாநில அமெரிக்கர் ஓராண்டு குடியிருந்து உள்ளூர்க்காரர் ஆகிவிடலாம். மாணவர் விசாவில் இருப்பவரால் முடியாது. முனைவர் படிப்பின் நடுவே வரும் தகுதித் தேர்வை முடித்த பிறகுதான் அது மூன்றாண்டுகளுக்குத் தள்ளுபடி ஆகும். அதுவரை அந்தத் தொகையை யாராவது சுமந்தாக வேண்டும். சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வளர்ச்சி மற்றும் ஸ்டெம் செல் உயிரியலுக்கென்றே முனைவர் பட்டப் படிப்பு இருக்கிறது. உலகப் புகழ் பெற்றது. அதற்கு விண்ணப்பிக்கும் நம் ஊர்ப் பிள்ளை இதைத் தெரிந்துகொண்டு விண்ணப்பிக்க வேண்டும். இடம் கிடைக்காமல் போனால் தன் தகுதியை மட்டுமே குறை சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

2025-ல் நிலைமை இன்னும் இறுகியது. அந்நாட்டு அரசு ஆய்வு மானியங்களை வெட்டியதால் சில பல்கலைக்கழகங்கள் சேர்க்கையைக் குறைத்தன. கொடுத்த இடத்தையே திரும்பப் பெற்றவையும் உண்டு. அந்த ஆண்டு மே இறுதியிலிருந்து சில வாரங்கள் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிய தேதி தருவதையே நிறுத்திவைத்திருந்தார்கள். அமெரிக்காவை மட்டும் நம்பிப் பத்து விண்ணப்பம் போடுவது இப்போது புத்திசாலித்தனம் இல்லை என்பது என் கருத்து.

ஐரோப்பாவில் பணம் வேறு வழியில் வருகிறது. ஜெர்மனியில் முனைவர் பட்ட மாணவர் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் சேரும் ஊழியர். சம்பளத்தில் வரியும் காப்பீடும் பிடிப்பார்கள். குடியுரிமை பார்த்துச் சம்பளம் தருவதில்லை. டிரெஸ்டனில், சேதமான திசுவை மீண்டும் வளர்க்கப் பார்க்கும் மறுஉருவாக்க மருத்துவத்துக்கென்று தனி மையம் இருக்கிறது. அதே நகரில் மாக்ஸ் பிளாங்க் செல் உயிரியல் நிறுவனமும் இருக்கிறது. ஹைடல்பெர்க்கில் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகம். இங்கெல்லாம் வேலைமொழி ஆங்கிலம். முதுநிலைப் பட்டம் மட்டும் கட்டாயம் போலக் கேட்பார்கள். படிப்பு மூன்று, நான்கு ஆண்டில் முடியும். வியன்னாவுக்கு அருகில் உள்ள ஆஸ்திரிய அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் ஜப்பானின் ஒகினாவா நிறுவனமும் இளநிலை முடித்தவர்களையும் எடுக்கின்றன. விண்ணப்பக் கட்டணமும் வாங்குவதில்லை. ஜப்பானில் கியோட்டோவைச் சொல்லாமல் விடக்கூடாது. வளர்ந்த எலியின் தோல் செல்லை நான்கு மரபணுக்களால் கருநிலைக்குத் திருப்பலாம் என்று 2006-ல் விஞ்ஞானி ஷின்யா யமானாகா காட்டிய ஊர் அது. 2012-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் கர்டனோடு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூரில் சிங்கா உதவித்தொகை நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் மாதச் செலவையும் ஏற்கிறது. பிரிட்டனில் கேம்பிரிட்ஜும் எடின்பரோவும் இந்தத் துறையில் பெரிய பெயர்கள்தான். ஆனால் அரசு ஆய்வு மன்றங்களின் நிதியில் வெளிநாட்டு மாணவர் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு இருக்கிறது.

தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு இருக்கிறது. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையும் பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கு உண்டு. 60 சதவீத மதிப்பெண், ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குள், வயது 35-க்குள் என்பவை அதன் நிபந்தனைகள். ஆய்வகத் தலைவரிடம் "என் செலவுக்கு நிதி இருக்கிறது" என்று சொல்ல முடிந்த மாணவருக்குக் கதவு வேறு மாதிரித் திறக்கும். ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்ல ஆளில்லை என்பதுதான் என் பெரிய கவலை.

நம் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, பள்ளி தொடங்கிப் பதினாறு ஆண்டுப் படிப்பை எதிர்பார்க்கின்றன. பி.எஸ்சி. முடித்தவருக்குப் பதினைந்துதான் ஆகிறது. ஆகவே எம்.எஸ்சி. முடித்துவிட்டு விண்ணப்பிப்பதே நம் பிள்ளைகளுக்குத் தோதானது. அதை இரண்டாண்டு வீண் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த இரண்டாண்டில்தான் விண்ணப்பத்தின் உயிரே உருவாகிறது.

ஏன் என்று சொல்கிறேன். தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் நாளை தங்கள் மானியத்திலிருந்து இந்த மாணவருக்குச் சம்பளம் தரப் போகிறவர்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே: இவர் ஆய்வகத்தில் தாக்குப்பிடிப்பாரா? பல்கலைக்கழகத் தங்கப் பதக்கம் அதற்குப் பதில் சொல்லாது. ஜி.ஆர்.இ. தேர்வைப் பல உயிரியல் படிப்புகள் கேட்பதையே விட்டுவிட்டன. டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். ஆகிய ஆங்கிலத் தேர்வுகள் வாசலைத் தாண்டத்தான் உதவும். பதில் இருப்பது மூன்று பரிந்துரைக் கடிதங்களிலும் மாணவர் எழுதும் நோக்க அறிக்கையிலும்தான்.

நம் கல்லூரிகளில் பரிந்துரைக் கடிதம் எழுதப்படும் விதம் எனக்குத் தெரியும். "இவர் ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், ஆசிரியர்களிடம் மரியாதை உள்ளவர்" என்று நான்கு வரி. பல இடங்களில் மாணவரே தட்டச்சு செய்துவந்து கையெழுத்து மட்டும் வாங்கிப் போகிறார். இந்தக் கடிதத்தை வாசிக்கும் அயல்நாட்டுப் பேராசிரியருக்கு அதில் கெட்ட செய்தி ஒன்றும் இல்லை, செய்தியே இல்லை. "மூன்று மாதம் செல்கள் ஊன்றாமல் செத்துக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு நாளும் எதை மாற்றினோம் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்து, குறை, செல்களுக்கு ஊட்டும் சீரத்தில் இருந்தது என்று இவரே கண்டுபிடித்தார்" என்று ஒரு நெறியாளர் எழுதினால், அந்த ஒரு வரிக்கு இருக்கும் எடை எந்தச் சான்றிதழுக்கும் இல்லை. அப்படி எழுத வேண்டுமானால் அந்த நெறியாளர் மாணவரைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். ஆசிரியர்களாகிய நாமும் ஒரு மாணவருக்கு அரை நாள் ஒதுக்கி எழுத வேண்டும்.

நோக்க அறிக்கையும் அப்படியே. "சிறு வயதிலிருந்தே அறிவியல் மீது தீராத ஆர்வம்" என்று தொடங்கும் அறிக்கைகளை அவர்கள் ஆயிரக்கணக்கில் பார்த்திருப்பார்கள். என்ன கேள்வியைக் கையில் எடுத்தேன், என்ன செய்தேன், எது சரியாக வரவில்லை, அடுத்து எதைக் கேட்க விரும்புகிறேன், உங்கள் துறையில் யாருடைய வேலை அதற்குப் பொருந்துகிறது என்று எழுத வேண்டும். அதற்குக் கையில் ஒரு கேள்வி இருக்க வேண்டும்.

கேள்வி பிறப்பது கண்ணால் பார்ப்பதில். விலங்கியல் மாணவர்கள் எல்லாரும் கோழிக் கரு ஸ்லைடுகளை ரெக்கார்டு நோட்டில் வரைந்திருப்பார்கள்: 24 மணி நேரம், 48 மணி நேரம், 72 மணி நேரம். சிவப்புச் சாயம் ஏறிய, பல ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன கரு. உயிருள்ள கருவைப் பார்க்க பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கடை முட்டை உதவாது; சேவலோடு வளரும் நாட்டுக்கோழி முட்டை வேண்டும். 38 டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் குறையாமல் அடைவைத்து, மூன்றாம் நாள் எடுத்து, ஊசியால் இரண்டு மூன்று மில்லி வெண்கருவை உறிஞ்சிவிட்டால் கரு ஓட்டிலிருந்து சற்றுக் கீழே இறங்கும். பிறகு மேல் ஓட்டில் சிறு கத்தரியால் ஒரு சன்னல் வெட்டலாம். மஞ்சள் கருவின் மேல் சிவப்பு ரத்தக் குழாய்கள் வலையாகப் பரவியிருக்கும். நடுவே கடுகளவு இதயம் துடித்துக்கொண்டிருக்கும். ஒட்டுநாடாவால் சன்னலை மூடிவிட்டு மறுநாள் திரும்பப் பார்க்கலாம். 1951-ல் ஹாம்பர்கர், ஹாமில்டன் இருவரும் கோழிக் கருவின் வளர்ச்சியை 46 படிநிலைகளாகப் பிரித்து வைத்த அட்டவணையை இன்றும் உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். அந்த அட்டவணையை வைத்துத் தன் முட்டை எந்தப் படியில் இருக்கிறது என்று ஒரு மாணவி குறித்துப் பழகினால், அவர் துறைக்குள் காலெடுத்து வைத்துவிட்டார். முட்டைகளை வேலூர் வெயிலில் கொண்டுவரும்போது சூடேறினால் கரு வளர்ச்சி என்னாகும்? இதுவே ஒரு நல்ல முதல் கேள்வி.

மீன் வேண்டுமென்றால் அதுவும் நம் நாட்டுச் சொத்துதான். உலக ஆய்வகங்களில் லட்சக்கணக்கில் வளரும் ஜீப்ரா மீன், கங்கைச் சமவெளி ஆறுகளிலிருந்து 1822-ல் விவரிக்கப்பட்டது. கண்ணாடி போன்ற அதன் கருவில் ஒரே நாளில் இதயம் துடிக்கத் தொடங்குவதை நுண்ணோக்கியில் நேரே பார்க்கலாம்.

இனி, எங்கே போய்க் கற்பது? இந்தியாவின் அறிவியல் அகாதமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டம் மாணவர்களை இரண்டு மாதம் நல்ல ஆய்வகங்களுக்கு அனுப்புகிறது, உதவித்தொகையும் தருகிறது. ஆசிரியர்களும் அதில் விண்ணப்பிக்கலாம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் வளர்ச்சி உயிரியல், மரபியலுக்குத் தனித் துறை இருக்கிறது. காட்பாடியில் ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடலாம். பெங்களூரிலேயே தேசிய உயிரியல் அறிவியல் மையம், இன்ஸ்டெம், ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம். ஹைதராபாத்தில் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம். எம்.எஸ்சி.க்கு, மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை நிதி தரும் படிப்புகளில் காட்-பி நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்ந்தால் மாத உதவித்தொகையும் உண்டு. அதன் பிறகு ஓராண்டாவது ஓர் ஆய்வகத்தில் திட்டப் பணியாளராக இருப்பது நல்லது. பாகாயம் மையம் உட்பட இந்த நிறுவனங்கள் எல்லாம் அத்தகைய இடங்களை அவ்வப்போது இணையத்தில் அறிவிக்கின்றன. வீட்டுச் சாப்பாட்டோடு டவுன் பஸ்சில் போய்வந்து ஸ்டெம் செல் வேலை கற்கும் வாய்ப்பு இந்தியாவில் எத்தனை மாவட்டங்களுக்கு இருக்கிறது?

அந்த ஓராண்டு இன்னொன்றையும் காட்டிவிடும்: இந்த வாழ்க்கை நமக்கு ஒத்துவருமா என்பதை. யமானாகா காட்டிய வழியில் உருவாக்கும் 'தூண்டப்பட்ட ஸ்டெம் செல்'களுக்கு, அவை வளரும் ஊட்டத் திரவத்தைப் பெரும்பாலும் தினமும் மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றும் தீபாவளி என்றும் செல்களுக்குத் தெரியாது. தட்டில் ஒரு செல் கூட்டம் நல்ல நிலையில் இருந்தால் விளிம்பு கூர்மையாகத் தெரியும். எங்காவது விளிம்பு கலைந்து செல்கள் பரவத் தொடங்கினால் அவை வேறு ஏதோவாக மாறிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அந்த இடத்தை நுண்ணோக்கியில் பார்த்தபடியே சுரண்டி நீக்க வேண்டும். இதில் நாள் போவதே தெரியவில்லை என்று சொல்பவர்கள் துணிந்து விண்ணப்பிக்கலாம். சலிப்புத் தட்டுகிறவர்கள் ஆறாண்டு அயல்நாட்டில் கிடந்து வருந்துவதைவிட ஊரிலேயே அறிந்துகொள்வது மேல்.

விண்ணப்பக் காலம் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்கப் படிப்புகளுக்கு டிசம்பர் தொடக்கத்தில் கடைசி நாள் வந்துவிடும். ஜனவரி, பிப்ரவரியில் நேர்காணல். நிதியோடு இடம் தருகிற பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தருவதாக ஒப்புக்கொண்டவை. யாராவது அதற்கு முன்பே முடிவு கேட்டு நெருக்கினால் பயப்பட வேண்டாம். விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் பல ஆயிரம் ரூபாய் ஆகும். கட்டணத் தள்ளுபடி தர முடியுமா என்று துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை, தருகிறவர்கள் இருக்கிறார்கள். இடம் கிடைத்ததும் வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான சேவிஸ் கட்டணம் 350 டாலர், விசாக் கட்டணம், சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல், விமான டிக்கெட், முதல் மாத வாடகை என்று ஒரு தொகை முன்கூட்டியே கைக்காசாக வேண்டும். அடமானம் வைக்கும் அளவு இல்லை என்றாலும் குடும்பம் இதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

ஒரு முகவர் வந்து, "ஸ்டெம் செல்லில் முதுநிலை இருக்கிறது, இடம் உறுதி" என்று நாற்பது லட்சத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தால், அவருக்கு அந்தப் பல்கலைக்கழகம் தரகு தருகிறதா என்று கேளுங்கள். சம்பளத்தோடு வரும் முனைவர் பட்ட இடத்தில் அவருக்குக் கிடைக்க எதுவும் இல்லை. அதனால்தான் அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

வெளிநாடு கிடைக்கவில்லை என்றால் இந்தியாவில் படிப்பதை இரண்டாம் தரம் என்று எண்ண வேண்டாம். நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் கிடைக்கின்றன. அந்த ஹீமோபிலியா ஆய்வைச் செய்த நகரில் முனைவர் பட்டம் பெறுபவர் எவருக்கும் குறைந்தவர் இல்லை. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கு வெளிநாடு போவது இன்னும் எளிது. அந்தப் பணம் பெரும்பாலும் நேராக ஆய்வு மானியத்திலிருந்து வருவதால் குடியுரிமைச் சிக்கல் அவ்வளவாக இல்லை. அங்கிருந்து திரும்பி வர விரும்புகிறவர்களுக்கு மத்திய அரசின் ராமலிங்கசுவாமி மறுநுழைவு உதவித்தொகை ஐந்து ஆண்டுகளுக்குச் சம்பளமும் ஆய்வு நிதியும் தருகிறது. அதை வாங்கிக்கொண்டு எந்த இந்திய நிறுவனத்தில் சேர்வது என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கலாம்.